ஆல் வீல் டிரைவ் கேஸைக் கழற்றிவிட்டு 2எச், 4எச், 4எல் கேஸ் போடுவது: பெங்களூருக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கேஸ் என்பது டிரான்ஸ்ஃபர் கேஸ்: கியர்பாக்ஸின் இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. 2எச் என்றால் பின் சக்கரம் மட்டும் இழுக்கும், 4எச் என்றால் நான்கும் சாதாரண வேகத்தில், 4எல் என்றால் நான்கும் மெதுவாக, அதிக பலத்தோடு. இந்த வேலையில் கேஸை இறக்கி ஏற்றுவது ஒரு நாள் சமாச்சாரம். அதற்கு முன்னால் அளந்து பார்க்காததால்தான் வண்டி மாதக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்கிறது. கேஸ் வந்துவிட்டது, ஸ்ப்லைன் (ஷாஃப்டின் பற்கள்) சேரவில்லை. ஸ்ப்லைன் சேர்ந்தது, முன் ஷாஃப்ட் எட்டவில்லை. எல்லாம் மாட்டியாயிற்று, லீவர் 2எச்-க்கே போகமாட்டேன் என்கிறது. புதிதாக இறங்குகிறவர்கள் சிக்கும் இடங்கள் இவைதான். அதனால் பாதி வழிகாட்டி, ஸ்பேனரைத் தொடும் முன் செய்ய வேண்டியதைப் பற்றியே இருக்கும்.

உதாரணத்துக்கு ஒரே வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: 1993 முதல் 1998 வரை வந்த ஜீப் கிராண்ட் செரோக்கி, இசட்ஜே தலைமுறை. அதில் குவாட்ரா டிராக் என்ற பெயரில் வரும் என்பி249 கேஸ் நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் இழுவை கொடுக்கும். அதை எடுத்துவிட்டு, நாம் கேட்டால் மட்டும் முன் சக்கரத்தை இழுக்கும் என்பி231 அல்லது என்பி242 போடப்போகிறோம். மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் இது நடக்கிற காரியம். வேறு வண்டி என்றால் அளவுகள் மாறும், வேலையின் வரிசை மாறாது.

1. கழற்றுவதற்கு ஒரு கேஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

"என் வண்டியும் ஆல் வீல் டிரைவ்தான், மாற்றலாமா?" என்று கேட்பவர்களில் பலரிடம் இருப்பது காம்பஸ், டஸ்டர், எக்ஸ்யூவி500 மாதிரி எஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கும் வண்டி. அவற்றில் தனி டிரான்ஸ்ஃபர் கேஸே கிடையாது. முன் கியர்பாக்ஸோடு ஒட்டிய ஒரு சின்னப் பெட்டி பின்பக்கம் ஷாஃப்டைத் திருப்பும், பின் ஆக்சில் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் கிளட்ச் இருக்கும், அவ்வளவுதான். அந்த வண்டிகளில் இந்த மாற்றத்துக்கு வழியில்லை.

எஞ்சின் நெடுக்காக இருந்து, கியர்பாக்ஸுக்குப் பின்னால் தனியாக ஒரு கேஸ் தொங்கினால் மேலே படியுங்கள். அதிலும் கேஸை முழுக்கக் கம்ப்யூட்டரே இயக்கினால் கையை வைக்க வேண்டாம். 2016-க்குப் பிந்தைய எண்டெவர் அப்படித்தான். கேஸ் பதில் சொல்லாவிட்டால் மற்ற கம்ப்யூட்டர்களும் முரண்டு பிடிக்கும். 2016-இல் வந்த ஃபார்ச்சூனர் 4x4-இல் 2எச் ஏற்கெனவே இருக்கிறது; அதற்கு இந்த வேலையே தேவையில்லை.

2. கோளாறு கேஸிலா, டயரிலா?

249-இன் உள்ளே ஒரு விஸ்கஸ் கப்ளிங் இருக்கிறது. சிலிக்கோன் திரவத்துக்குள் தட்டுகள். முன்னுக்கும் பின்னுக்கும் வேக வித்தியாசம் வந்தால் திரவம் சூடாகி இறுகும். வயதானால் இறுகியது இளகாது. அப்போது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஊர்ந்தால் யாரோ பிரேக்கைப் பிடித்திருப்பது போல வண்டி முக்கும், சக்கரம் தத்தித் தத்திப் போகும்.

ஆனால் நான்கு டயரும் ஒரே சுற்றளவு இல்லாவிட்டாலும் இதே அறிகுறிதான். முன்னால் இரண்டு புது டயர், பின்னால் இரண்டு தேய்ந்த டயர் போட்டு ஓட்டினால் கப்ளிங் நேர் ரோட்டிலும் ஓயாமல் உழைத்துச் சாகும். அதனால் காற்றைச் சமமாக நிரப்பி, ஒவ்வொரு டயரிலும் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, வண்டியைத் தள்ளி, ஒரு முழுச் சுற்றில் தரையில் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துவிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் முதலில் டயரை மாற்றி, அரை மணி நேரம் ஓட்டி, சூடான பிறகு மறுபடி சோதியுங்கள். அப்போதும் முக்கினால் கேஸ்தான்.

மைலேஜுக்காக மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இசட்ஜேயின் முன் ஆக்சிலில், சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் கிடையாது. 2எச்-இல் போட்டாலும் முன் ஆக்சிலும் முன் ஷாஃப்டும் சக்கரத்தோடு சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பெட்ரோல் பெரிதாக மிச்சமாகாது.

3. காகித வேலை

இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள்.

அதனால் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை உங்கள் ஆர்.டி.ஓ.விடமும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் 'கூடாது' என்றால் இதைச் செய்யாதீர்கள். தினம் அவுட்டர் ரிங் ரோட்டில் போகும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். இந்த வயது வண்டிகள் 15 வருடத்தைத் தாண்டிவிட்டவை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றே ஆக வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

4. 231-ஆ, 242-ஆ?

231-இல் 2எச், 4எச், நியூட்ரல், 4எல். 4எச்-இல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், வேக வித்தியாசத்துக்கு விட்டுக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. காய்ந்த தாரில் அப்படி ஓட்டக் கூடாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் ஷாஃப்டிலும் செயினிலும் முறுக்கேறும்.

242-இல் இவை எல்லாம் உண்டு. கூடவே நடு டிஃபரன்ஷியலோடு ஓடும் ஃபுல் டைம் நிலையும் உண்டு. சக்லேஷ்பூர் பக்கம் மழையில் பாதி ஈரம், பாதி காய்ந்த மலை ரோடு இருக்கும் பாருங்கள், அங்கே இதன் அருமை தெரியும். இரண்டிலும் லோ ரேஷியோ, அதாவது 4எல்-இல் வேகம் குறையும் மடங்கு, 2.72 தான்.

ஊரிலும் காட்டிலும் ஒரே வண்டி என்றால் 242. சேற்றுக்கு மட்டும் என்றால் 231. உள்ளே பாகங்கள் குறைவு, பிரித்துச் சேர்ப்பதும் எளிது. இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் நான் 242-ஐத்தான் எடுப்பேன்.

5. பணம் கொடுக்கும் முன் கேஸைச் சோதிப்பது

எல்லாத் தப்பும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

தகடு. கேஸின் பின்பக்கம் வட்டமான ஒரு சின்னத் தகடு இருக்கும். மாடல் எண், அசெம்பிளி எண், லோ ரேஷியோ எல்லாம் அதில் இருக்கும். விற்பவர் வாயால் சொல்வதை வைத்து வாங்காதீர்கள், தகட்டின் போட்டோ கேளுங்கள். வெளியிலிருந்து பார்க்க 231-உம் 242-உம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

ஸ்ப்லைன். கியர்பாக்ஸின் வெளிவரும் ஷாஃப்ட் நுழையும் துளையில் உள்ள பற்களை எண்ண வேண்டும். இந்தக் கேஸ்கள் 21 பல்லிலும் வந்தன, 23 பல்லிலும் வந்தன. இசட்ஜேக்கு வேண்டியது 23. எண்ணுவது என்ன பெரிய வித்தை என்று தோன்றும். கராஜில் ஒரு தம்பி விரல் வைத்து எண்ணி 24 என்றான், இன்னொருவன் 22 என்றான். எங்கே ஆரம்பித்தோம் என்பது ஒரு சுற்று முடிவதற்குள் மறந்துவிடுகிறது. ஒரு பல்லின் தலையில் வெள்ளைப் பெயிண்டால் புள்ளி வைத்து, அதை ஒன்று என்று எண்ணி, குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு, புள்ளிக்கு முந்தைய பல்லில் நிறுத்துங்கள். இருவர் தனித்தனியாக எண்ணி ஒரே விடை வந்தால்தான் சரி.

நுழையும் கியரின் நீளம். பல் சரியாக இருந்தாலும் இந்தக் கியர் குட்டை, நடுத்தரம், நீளம் என்று பல அளவில் வந்திருக்கிறது. கேஸின் முன் முகத்திலிருந்து கியர் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வெர்னியரால் அளந்து, உங்கள் பழைய கேஸோடு ஒப்பிடுங்கள். நீளம் கூடினால் கேஸ் முகத்தோடு ஒட்டாது. அப்போது நட்டைப் போட்டு இழுத்தால் அலுமினிய ஹவுசிங் பிளந்துவிடும்.

எந்தப் பக்கம். முன் ஷாஃப்ட் வெளிவரும் பக்கமும் முன் ஆக்சிலின் உருண்டை (டிஃபரன்ஷியல் கூடு) இருக்கும் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கையால் சுற்றிப் பார்ப்பது. கேஸை மேசை மேல் வைத்து லீவரை ஒவ்வொரு நிலைக்கும் தள்ளுங்கள். 2எச்-இல் கியர்பாக்ஸ் பக்க நுழைவைச் சுற்றினால் பின்பக்கம் வெளிவரும் ஷாஃப்ட் (பின் வெளி) சுற்றும், முன்பக்கம் வெளிவருவது (முன் வெளி) சுற்றக் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெயின் இழுப்பில் லேசாக அசைந்தால் பரவாயில்லை, விரலால் பிடித்தால் நின்றுவிட வேண்டும். 4எச்-இல் இரண்டும் சேர்ந்து சுற்றும். நியூட்ரலில் இரண்டும் நிற்கும். 4எல்-இல் நுழைவை இரண்டே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் பின் வெளி ஒரு சுற்று வரும். வந்தால் பிளானட்டரி (4எல் வேகத்தைத் தரும் பல்சக்கரத் தொகுதி) உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

செயினும் எண்ணெயும். 4எச்-இல் வைத்து முன் வெளியை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். நிறைய ஆட்டம் இருந்தால் செயின் நீண்டுவிட்டது. லோடில் பல் தாண்டிப் படார் படார் என்று அடிக்கும். பழைய எண்ணெயை ஒரு தட்டில் வடித்து காந்தத்தை ஓட்டுங்கள். சாம்பல் நிறப் பசை எந்தக் கேஸிலும் வரும். நகத்தில் சிக்கும் துண்டுகள் வந்தால் வேறு கேஸ் பாருங்கள்.

6. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

கேஸோடு சேர்த்து, அது இருந்த வண்டியின் முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்டின் யோக் (அதை மாட்டும் கவை முனை), கேபினில் இருக்கும் லீவரும் அதன் தட்டும், இணைப்புக் கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே செட்டாகக் கேளுங்கள். தனித்தனியாகத் தேடினால் கேஸ் விலையைத் தாண்டிவிடும். கேஸை இறக்குமதி செய்பவரிடம்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆனால் ஆயில் சீல், பேரிங், கிராஸ் (ஷாஃப்ட் மூட்டின் சிலுவை) எல்லாம் ஜே.சி. ரோட்டிலேயே பார்க்கலாம். சீலின் முகத்திலேயே உள் விட்டம், வெளி விட்டம், கனம் எழுதியிருக்கும். பழைய சீலைக் கையில் கொண்டு போனால் வண்டியின் பெயரைச் சொல்லிப் புரியவைக்கும் வேலை மிச்சம்.

கருவிகளில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை நான்கு நல்ல ஸ்டாண்டு, கியர்பாக்ஸ் ஜாக்கி, டார்க் ரெஞ்ச், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் எண்ணெய் கொட்டினால் செக்ரட்டரியோடு சண்டைதான் மிஞ்சும். லிஃப்ட் இருக்கும் கராஜில் இரண்டு நாள் இடம் பேசிவிடுங்கள்.

7. பழைய கேஸை இறக்குவது

முட்டுக்கட்டை போடாமல் எதையும் தொடாதீர்கள். ஷாஃப்டுகளைக் கழற்றிவிட்டால் 'பி'யில் போட்டிருந்தாலும் வண்டி உருளும், ஏனென்றால் பார்க்கிங் பூட்டு கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. சக்கரத்தோடு அதற்கிருந்த ஒரே தொடர்பு அந்த ஷாஃப்ட்தான். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தாலும் இதே கதைதான். ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவர்கள் இதை நம்ப மறுப்பார்கள்.

முதலில் எண்ணெயை வடியுங்கள். மேல் பிளக் கழலுகிறதா என்று பார்த்த பிறகே கீழ்ப் பிளக்கைத் திறக்க வேண்டும். வடித்த பிறகு நிரப்ப வழியில்லாமல் போவதுதான் மிகக் கேவலமான நிலை.

ஷாஃப்டின் மேலும் யோக்கின் மேலும் ஒரே நேர்கோட்டில் பெயிண்ட் கோடு இழுத்துவிட்டுக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது பேலன்ஸ் மாறி அதிரும். பின் ஷாஃப்ட் கேஸுக்குள் வழுக்கி நுழையும் வகை என்றால், உருவியதும் மிச்ச எண்ணெய் அங்கிருந்து கொட்டும். தட்டு தயாராக இருக்கட்டும்.

அப்புறம் ஸ்பீடோ சென்சார், மற்ற ஒயர்கள், மூச்சுக்குழாய், லீவர் கம்பி. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போட்டோ. கியர்பாக்ஸுக்கு அடியில் தனி முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் குறுக்குச் சட்டத்தை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்த எடையும் எஞ்சின் மவுண்ட் மேல் தொங்கும். கடைசியாக கேஸைப் பிடித்திருக்கும் ஆறு நட்டு. மேலே இருப்பவைதான் கைக்கு எட்டாது. நீள எக்ஸ்டென்ஷன் வேண்டும். நட்டு கழன்றதும் கேஸை நேராகப் பின்னால் இழுங்கள். சாய்த்து இழுத்தால் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் சீல் கிழியும்.

8. புதிய கேஸை ஏற்றுவது

கியர்பாக்ஸின் பின் சீல் இப்போது கண்ணெதிரே இருக்கிறது. நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். அது பின்னால் கசிந்தால் முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டும்.

இரண்டு முகங்களையும் துடைத்து, சீலண்டை மெல்லிய கோடாகப் போடுங்கள். தடிமனாகப் போட்டால் உள்ளே பிதுங்கி எண்ணெயில் மிதக்கும். கேஸை 4எல்-இல் வைத்து, கியர்பாக்ஸ் 'பி'யில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஜாக்கியில் ஏற்றி நேராகத் தள்ளுங்கள். பல் சேரவில்லையென்றால் கேஸின் பின் யோக்கை லேசாகத் திருப்பினால் சேர்ந்துவிடும். முகம் முகத்தோடு கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். நட்டைக் கொண்டு இழுக்கிற நிலை வந்தால் நிறுத்துங்கள்; ஐந்தாம் படியில் சொன்ன நீளத்தை மறுபடி அளக்க வேண்டியதுதான்.

நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக, 35 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். அலுமினியம் என்பதால் இதற்கு மேல் வேண்டாம். லாரி மெக்கானிக் பலத்தைக் காட்டும் இடம் இதல்ல.

எண்ணெய் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) தான், கியர் ஆயில் அல்ல. ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். வண்டி சமமாக நிற்கும்போது மேல் துளையில் வழியத் தொடங்கினால் போதும்.

9. லீவர், சென்சார்

249-இன் லீவர்த் தட்டில் 2எச்-க்கு இடமே வெட்டியிருக்காது. அதனால்தான் செட்டாக வாங்கச் சொன்னேன். புதிய தட்டைப் போட்ட பிறகு, லீவரையும் கேஸையும் 4எல்-இல் வைத்து, கம்பியின் பூட்டு போல்ட்டைத் தளர்த்தி, கம்பி இயல்பாக உட்காரும் இடத்தில் இறுக்குங்கள். பின்பு வண்டிக்கு அடியில் ஒருவர் படுத்துக்கொண்டு, மேலே ஒருவர் ஒவ்வொரு நிலையாக மாற்றட்டும். கேஸின் கை ஒவ்வொரு நிலையிலும் கிளிக்கென்று முழுதாக விழ வேண்டும். அரைகுறையாக விழுந்தால் உள்ளே ஃபோர்க் (கியரைத் தள்ளும் கவை) தேயும், லோடில் தானாகக் கழன்று வரும்.

ஸ்பீடோ சென்சாரின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் உண்டு. அதன் பல் எண்ணிக்கை டயர் அளவையும் ஆக்சில் ரேஷியோவையும் பொறுத்தது. எனவே உங்கள் பழைய சக்கரத்தையே புதிய கேஸில் போடுங்கள். அதன் ஹவுசிங் மையம் விலகியது. பல் எண்ணிக்கைக்கு ஏற்ற குறியை நேராக வைத்துத்தான் பூட்ட வேண்டும். தப்பாகத் திருப்பினால் ஸ்பீடோ ஓடாது, அல்லது பல்சக்கரம் தேய்ந்துவிடும்.

10. ஷாஃப்டுகள்

வண்டி தன் சக்கரத்தில் தன் எடையோடு நிற்கும்போது அளந்து பாருங்கள். ஸ்டாண்டில் ஆக்சில் தொங்கும்போது எடுத்த அளவு பொய். வழுக்கும் யோக் முழுக்க உள்ளே முட்டும் இடத்திலிருந்து சுமார் 25 மில்லிமீட்டர் வெளியே இருக்கும்படி நீளம் அமைந்தால் சஸ்பென்ஷன் ஆட இடம் கிடைக்கும்.

முன் ஷாஃப்டில் ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் உண்டு. சிலதில் கிராஸ் ஜாயிண்ட், சிலதில் சி.வி. ஜாயிண்ட். கேஸின் முனை ஒரு வகை, உங்கள் ஆக்சில் முனை வேறு வகை என்றால், பீன்யா பக்கம் லாரி ஷாஃப்ட் வேலை செய்யும் லேத்தில் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கச் சொல்லலாம். நீளம், இரு முனைகளின் வகை, இரண்டு யோக்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பது, இந்த மூன்றையும் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். "பேலன்ஸ் எல்லாம் எதுக்கு சார், நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். செய்தே கொடுங்கள் என்று நில்லுங்கள். கிராஸைப் பிடிக்கும் பட்டை போல்ட்டுகளுக்கு 19 நியூட்டன் மீட்டர் போதும்.

11. ஓட்டிப் பார்ப்பது

முதலில் எஞ்சினை ஓட்டாமல், நான்கு சக்கரங்களையும் தூக்கி, கியர்பாக்ஸை நியூட்ரலில் வைத்து, 2எச்-இல் பின் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். முன் ஷாஃப்ட் அசையக் கூடாது.

அடுத்து, ஞாயிறு காலை கூட்டமில்லாத லே அவுட் ரோட்டில் 2எச்-இல் மெதுவாக. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வட்டம் அடியுங்கள். பழைய முக்கல் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் லீவர் நிஜமாகவே 2எச்-இல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கம்பி அளவுதான் பிசகியிருக்கும்.

4எச்-ஐத் தளர்ந்த மண்ணில் மட்டும் சோதியுங்கள். ஓடும்போதே போடலாம், ஆனால் சக்கரம் வழுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் போடாதீர்கள். 4எல்-க்கு வண்டி மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டரில் ஊர்ந்தபடி, கியர்பாக்ஸ் நியூட்ரலில். முழுக்க நிறுத்திவிட்டு லீவரை முரட்டுத்தனமாகத் தள்ளினால் பல்லோடு பல் முட்டி நிற்கும். மண்ணிலிருந்து தாருக்கு வந்ததும் லீவர் 4எச்-இலிருந்து 2எச்-க்கு வர மறுக்கிறது என்று பயந்து போன் செய்வார்கள். முறுக்கேறியிருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விட்டுக்கொடுக்கும்.

நெடுஞ்சாலையில் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தரை அதிர்ந்தால் ஷாஃப்டின் பேலன்ஸ் சரியில்லை, அல்லது இரண்டு யோக்கும் ஒரே கோட்டில் இல்லை. எல்லா வேகத்திலும் முனகினால் கேஸ் பேரிங்.

12. முதல் சில நூறு கிலோமீட்டர்

ஒரு வார ஓட்டத்துக்குப் பிறகு ஆறு நட்டுகளையும் பட்டை போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் ஒருமுறை சரிபாருங்கள். கேஸும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சுத்தமான அட்டையை ஒரு இரவு விரித்து வையுங்கள். முதல் எண்ணெயைச் சீக்கிரமே வடித்து மாற்றிவிடுங்கள். உள்ளே இருந்த பழைய அழுக்கெல்லாம் அதோடு வந்துவிடும். கழற்றிய 249-ஐ குஜிரி (பழைய இரும்பு) கடைக்குப் போட்டுவிடாமல், தகட்டோடு எண்ணெய் துடைத்து எடுத்து வையுங்கள். ஆர்.டி.ஓ. பழையபடி மாற்றச் சொன்னால் மாட்ட அதுதான் வேண்டும்.